மூலையில் மூன்றாவது ஆள்

மராட்டியர் ஊரான வானவடியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சேவியர் வீட்டுக் கூடத்தில் குத்துச்சண்டைப் பஞ்சாயத்து. ஆள் மூன்றே பேர், சத்தம் மட்டும் முப்பது பேருக்கு. கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ரவிசந்திரனுக்கு டைசன்தான் தெய்வம். ஹெவிவெயிட்டின் பெருமையே அடியில்தான் என்பார். பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சேவியர், நாற்பத்தைந்து வயதில் பட்டத்தைத் திரும்ப வாங்கிய ஃபோர்மனை விட்டு இறங்கவே மாட்டார். டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற ஐசக்குக்கு அலி. ஃப்ரேசியர் அடித்துச் சாய்த்த பிறகும் எழுந்து நின்றானே, அதுதான் பெருமை, அடிக்கிறவன் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பான் என்பது அவர் கட்சி.

எந்தப் பையன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று சொல்வதில் ஐசக்கை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவர் ஒரே ஒருமுறை சொல்லி, ஊர் சிரித்துப் போயிற்று. வளையத்தில் ஒரு வீரனின் மூலைக்கு இரண்டு பேர்தான் கணக்கு, ஒருவர் பயிற்சியாளர், ஒருவர் உதவிக்கு. கசார்வாடியில் நடந்த போட்டி ஒன்றில் ஒரு பையனின் மூலையில் ஐசக் மூன்று பேரைப் பார்த்தார். மூன்றாமவன் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பையன் அடுத்த சுற்றில் விழுந்தான். மூன்றாம் நாள் அடக்கம்.

பிறகு டிவியில், எங்கோ வெளிநாட்டுச் சண்டையில், அதே முதுகு. அந்த வீரனும் பிழைக்கவில்லை. ரவிசந்திரன் அந்த வீடியோவைப் பத்துத் தடவை ஓட்டிக் காட்டினார். இரண்டே பேர். "மொதல்ல கண்ணாடிய மாத்துங்கண்ணா" என்றார். அத்தோடு ஐசக் வாயை மூடிக்கொண்டார். மூலைகளை எண்ணுவதை மட்டும் விடவில்லை, பாவம், விட முடியவில்லை.

இந்த ஞாயிறு பஞ்சாயத்து கிடையாது. ஐசக்கின் ஒரே மகன் அலனுக்கு ஹெவிவெயிட் அரையிறுதி. எதிரே ஆகுர்டிப் பையன் ஜெயந்த், மோட்டார் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன். மறுநாள் இறுதிப் போட்டி. அலனின் மூலையில் சேவியரும் ஓர் உதவியாளும் நின்றார்கள். ஐசக் எண்ணினார். இரண்டு. அப்பாடா என்று உட்கார்ந்தார்.

அலன் வெளுத்து வாங்கினான். இரண்டு சுற்றும் அவனுக்குத்தான். மூன்றாவது சுற்றுக்கு முந்தைய இடைவேளையில் ஐசக் பழக்க தோஷத்தில் மறுபடி எண்ணினார்.

மூன்று.

வெள்ளைச் சட்டைக்காரன் அலனின் முகத்தருகே குனிந்து நின்றான், வியர்வை துடைக்கப் போகிறவன் மாதிரி. படிகளில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மணி அடித்தது, அலன் எழுந்து முன்னே போய்விட்டான். ஐசக் சேவியரின் தோளில் கிடந்த துண்டை வெடுக்கென்று உருவி வளையத்துக்குள் வீசினார். யார் கை வீசியது என்று நடுவர் பார்க்கவில்லை. மூலையிலிருந்து துண்டு விழுந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு, சண்டை முடிந்தது. ஜெயந்தின் கையைத் தூக்கிவிட்டார்கள்.

சேவியர் தலையில் அடித்துக்கொண்டார். அலன் கையுறையைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"ஜெயிச்சிட்டிருந்தேனேப்பா. விழுந்து எந்திரிக்கறவன்தான் பெரியவன்னு வாரா வாரம் சொல்லுவீங்களே. என்னய விழக்கூட விடலியே நீங்க."

அவன் அழுதான். ஐசக்குக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. பிள்ளை உயிரோடு நின்று திட்டுகிறான், ஆயுசுக்கும் திட்டட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அலனின் மூலையைப் பார்த்தார். இரண்டு. பழக்க தோஷம், எதிர் மூலையையும் எண்ணிவிட்டார். அங்கே மூன்று.

அரைமணி கழித்து ஜெயந்தின் அப்பா பேடா மிட்டாய் டப்பாவோடு, மகனையும் கூட்டிக்கொண்டு தேடி வந்தார். தங்கமான மனிதர். மராட்டியில் தழதழத்துப் பேசினார்: உங்கள் பையன்தான் அசல் வீரன், என் மகனுக்கு இது அதிர்ஷ்டம். சண்டை நுணுக்கம் உங்களுக்கு அத்துப்படியாமே, நாளைக்கு இவன் தேறுவானா?

ஐசக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகனை இறுதிக்கு அனுப்ப வேண்டாம், இப்போதே வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று தனக்குத் தெரிந்த மராட்டியில் கெஞ்சினார். ஏன் என்று கேட்டார் அவர். வெள்ளைச் சட்டையை, கசார்வாடியை, எல்லாவற்றையும் சொன்னார் ஐசக். பக்கத்தில் நின்ற அலன் அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெயந்தின் அப்பா கோபப்படவில்லை. ஐசக்கின் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஜெயிக்கிற சண்டையில் துண்டு வீசியவர், மனசு கலங்கியிருக்கிறது, பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். பயம் எல்லா அப்பனுக்கும் உண்டு அண்ணா, ஆனால் என் மகனை நான் நம்புகிறேன் என்றார்.

ஒரு பேடாவை ஐசக்கின் கையில் வைத்துவிட்டு, மகனை அணைத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் நடந்தார். ஐசக் எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தார். மூன்று பேர் போனார்கள்.