மஞ்சளாய்த் தெரிந்த பனி

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அடுப்போரம் இடம் இருக்கிறது. தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், விரல் சூடாகட்டும். நாரின் என்ற மலையூரில் ஒரு மருமகள் டிவியைச் சரிசெய்யப் போய் நடுங்கிப்போன கதையைச் சொல்கிறேன். பயம் வரும் இடத்தில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பற்றிக்கொள்ளலாம். நானும் பற்றிக்கொள்வேன்.

மருமகள் பெயர் பெர்மெத். மாமனார் ஒஸ்மான்குல். அவர் பெயரை நான் சொல்லலாம், அவள் வாயால் சொல்லக் கூடாது. அவருக்கு முதுகு காட்டியும் நிற்கக் கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே. அதனால் "மகளே, படம் இருட்டா இருக்கு, கொஞ்சம் பாரு" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் அவள் டிவி பக்கத்தில் போய், அவரைப் பார்த்தபடியே நின்று, ரிமோட்டை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவாள். திரையில் என்ன மாறுகிறது என்று அவளுக்குப் பாதிதான் தெரியும். மீதியை அவர் முகத்தில்தான் படிப்பாள்.

இலையுதிரும் காலத்தில் வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டினாள். பிறகு படம் மங்கல், கூர்மையாக்கு என்றார், ஆக்கினாள். பனிக்காலம் வந்ததும் புதிதாக ஒன்று சொன்னார்.

"பனி ஏன் மகளே மஞ்சளா இருக்கு? டீ கொட்டின துணி மாதிரி?"

ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. டிவியிலும் வெள்ளைதான். ஆனால் மாமனாரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? செட்டிங்கைத் திறந்து நிறத்தைக் குளிர்ச்சிப் பக்கம், நீலம் கூடுகிற பக்கம், தள்ளினாள். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம். அது கடைசி அளவில் போய் முட்டி நின்றபோதுதான் அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆங்... இப்பத்தான் பனி பனியா இருக்கு."

அந்த நேரம் பார்த்துத் திரையில் பளீரென்று ஒரு பனிமலை வந்தது. அதன் வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. கருவிழியின் நடுவில், ஆறிய பாலில் ஏடு படிந்தது போல ஒரு சாம்பல் வட்டம். இரண்டு கண்ணிலும். பெர்மெத்தின் பார்வை வாசலுக்கு ஓடியது.

ஏனென்றால், கண்ணுகளா, அவர் வேன் ஓட்டுகிறவர். தோலோன் கணவாய் ஏறி இறங்கி, ஆட்களைக் கொச்கோர் ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறவர். நாளைக் காலை அதே வேனின் முன்சீட்டில் பெர்மெத்தின் ஆறு வயது மகள் ஐடாய் உட்காரப் போகிறாள், விடுமுறைக்குத் தாய்வழிப் பாட்டன் வீட்டுக்கு. பை கட்டி வாசலில் வைத்தாயிற்று. போன வாரம் வேன் இடது பக்கக் கண்ணாடி இல்லாமல் வந்து நின்றது அப்போதுதான் அவள் நினைவில் ஏறியது. மாடு முட்டிவிட்டது என்றிருந்தார்.

புருஷன் கனாத் வேலை முடிந்து வந்ததும் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்.

"ஏங்க, மாமாவுக்குக் கண்ணு சரியில்லைங்க."

"யாருக்கு? எங்க அப்பாவுக்கா?" கனாத் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். "அந்தக் கணவாயை அவரு கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவாரு, போ!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் வேனும், அதன் முன்சீட்டில் ஐடாயின் சிவப்புத் தொப்பியும் கண்முன் வந்து நின்றன. மாமியார் துர்சுனாயிடம் சொல்ல வாயெடுத்தாள். உன் புருஷன் குருடாகிறான் என்று ஒரு மருமகள் எந்த வார்த்தையைக் கொண்டு சொல்வாள்? தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

சாயங்காலம் டிவியில் கோக்-போரு ஆட்டம். குதிரை மேலிருந்து ஆட்டுடலைப் பறித்துக்கொண்டுபோய் எதிரணிக் குழியில் போடும் ஆட்டம் என்றால் நம் ஆட்களுக்குச் சோறு வேண்டுமா? பக்கத்து வீட்டு சாபிர் தன் தம்பிகளோடு வந்து சாப்பாட்டு விரிப்பைச் சுற்றிச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். நம் ஊர் அணிக்கு வெள்ளைச் சட்டை, எதிரணிக்கு மஞ்சள்.

"என்னப்பா இது, குதிரை மேல ஒவ்வொருத்தனும் நீலம் பாரிச்சு, செத்து மூணு நாளான மாதிரி உக்காந்திருக்கான்!" என்றார் சாபிர்.

கனாத்துக்கு வெட்கம். "ஏய் பெர்மெத், அதைப் பழையபடி வை. மனுஷ மூஞ்சி மாதிரி தெரியட்டும்."

ரிமோட் அவள் கைக்கு வந்தது. மாற்றாமல் விட்டால் மாமனார் இன்றைக்கு நன்றாகத்தான் பார்ப்பார், நாளைக்கு வண்டியை எடுப்பார். மாற்றினால் வெள்ளையும் மஞ்சளும் குழம்பி, ஊரார் முன்னால் அவர் தலை குனியும், குனிய வைத்தவள் மருமகள். வாசலில் ஐடாய் தன் பையின் மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள்.

பெர்மெத் அழுத்தினாள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது.

வழக்கம்போல அவரைப் பார்த்தபடியே நின்றாள். அவர் நெற்றி சுருங்கியது. முன்னால் குனிந்தார். விருந்தாளிகள் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. குதிரைகள் இடித்து மோதின. மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் ஆட்டைக் குழியில் வீசினான்.

"போட்டான் பாரு நம்ம பய!" தொடையில் தட்டிக் கத்தினார் ஒஸ்மான்குல்.

வீடே சிரித்தது. "என்னண்ணே, கட்சி மாறிட்டீங்களா?" என்றார் சாபிர். மாமனாரும் கூடச் சிரித்துவைத்தார்.

மறுபடி மஞ்சள் சட்டை குழி வரை போனது. "விடாதடா, போடு, போடு!" என்று மறுபடி அவர்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. துர்சுனாய் தேநீர்ச் சாடியைக் கீழே வைத்தாள்.

"கிழவா, அவன் சட்டை என்ன நிறம்?"

"வெள்ளை. ஏன்?"

கனாத்தின் முகம் வெளுத்தது. ஒஸ்மான்குல் மெதுவாக மருமகள் நின்ற பக்கம் திரும்பினார்.

"மகளே, நீயா மாத்தின?"

"ஆமா மாமா."

"தெரிஞ்சேதான் மாத்தினியா?"

ஓடிவிடலாமா என்றிருந்தது. எச்சில் விழுங்கி, ஒரே ஒரு வார்த்தையைத் தேடி எடுத்தாள்.

"ஐடாய்... முன்சீட்டுல உக்காருவா மாமா."

சாபிர் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒஸ்மான்குல் கோட்டுப் பைக்குள் கை விட்டு, வேன் சாவியை எடுத்துக் கனாத் முன்னால், ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்தார்.

"போன வாரம் முட்டினது மாடு இல்லடா. பாலம். பாலத்தோட சுவரு. பக்கத்துல வந்த பிறகுதான் அங்க பாலம் இருக்குன்னே தெரிஞ்சுது." குரல் கரகரத்தது. "பின்னாடி ஒன்பது பேரு தூங்கிட்டு இருந்தாங்க."

துர்சுனாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு நீ ஓட்டு. என்னையும் ஏத்திக்க. கண்ணு டாக்டரு எங்க இருக்காரோ அங்க இறக்கிவிடு."

சாபிர்தான் முதலில் வாய் திறந்தார். "எங்க மாமனாருக்கும் இதேதான்ணே. ஏட்டை எடுத்துட்டு வேற லென்ஸ் வச்சாங்க. இப்ப அவரு கண்ணுல படாம நான் ஒரு சிகரெட் பிடிக்க முடியல."

யாரோ சிரித்தார்கள். பெர்மெத் மட்டும் சிரிக்கவில்லை. ரிமோட்டை விரிப்பில் வைத்துவிட்டு உள்ளே நழுவப் பார்த்தாள்.

"எங்க போற மகளே? எனக்கு இப்ப ஒண்ணும் தெரியல. நீ அந்தப் பக்கம் திரும்பிப் பாரு. ஆடு யாரு கையில, எனக்குச் சொல்லு."

"திரும்பணும்னா... முதுகு..."

"திரும்புன்னு நான்தானே சொல்றேன்."

பெர்மெத் திரும்பினாள். அந்த வீட்டுக்கு வந்தபின் மாமனாருக்கு அவள் முதுகு காட்டியது அதுதான் முதல் தடவை. பிடரி கூசியது.

"வெள்ளைச் சட்டைக்காரன் கையில மாமா," என்றாள். "நம்ம ஆளு. வேகமா வர்றான்."

அவ்வளவுதான், என் செல்வங்களே. பிடித்த கையை இனி விடலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கண்ணில் தெளிவு நிலைக்கட்டும். உங்கள் வாசலிலிருந்து கிளம்புகிற வண்டியெல்லாம் பனியையும் பாலத்தையும் தாண்டி, போன பிள்ளைகளோடு அதே வாசலுக்குத் திரும்பி வரட்டும். பயத்தோடு உண்மை சொல்கிறவர்களுக்கு உங்கள் விரிப்பில் எப்போதும் ஓர் இடமும் ஒரு கிண்ணம் சூடான தேநீரும் இருக்கட்டும்.