ஒரு ளகரமும் நாலு வராலும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தட்டச்சுப் பிழையில் பிறந்தது. ஒரே ஓர் எழுத்து. அதைக் கண்டதிலிருந்து எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எந்த எழுத்து என்று பிறகு சொல்கிறேன். முதலில் குளம்.

2

பாறசாலையில் காலைப் பனி மெல்ல விலக— (அடித்துவிட்டேன். பனி விலகும் கதைகள் போதும்.)

ரத்னாபாய் வீட்டுக்குப் பின்னால் குளக்கரையில் வாளியோடு நின்றாள். மகள் கல்யாணமாகிப் போனபின் அவள் கணவர் ஞானையன் வெட்டிய குளம். ஒரு பிளாஸ்டிக் கவரில் கொஞ்சம் திலாப்பியாக் குஞ்சு வாங்கி வந்து விட்டார். அப்புறம் மனுஷன் அவளிடம் பேசியதைவிட மீனிடம் பேசியதுதான் அதிகம். "ஒண்ணையும் கொல்லப்பிடாது, கேட்டியா" என்பது அவர் போட்ட சட்டம். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. மீன்கள் பெருகிப் பெருகி இப்போது குளம் கொள்ளவில்லை. விரல் நீளத்துக்கு மேல் ஒன்றும் வளரவில்லை. இன்று காலை அத்தனையும் மூச்சுக்கு மேலே வந்து வாயைப் பிளந்தன, சில மல்லாந்தும் விட்டன. மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்சியதில் இன்றைக்குத் தப்பித்தன. நாளைக்கு?

வாளிக்குள் நாலு வரால்.*

* வரால் மற்ற மீனின் குஞ்சுகளைத் தின்னும். கூட்டம் குறையும், மிச்சம் பிழைக்கும்.

(முதல் பிரதியில் மகள் ஜினி, பக்கத்து வீட்டு மாடம்மாள், மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் என்று கரை நிறைய ஆள். கதைக்கு மூச்சு முட்டியது. எல்லாரையும் வலை போட்டு அள்ளி வெளியே விட்டேன். ஞானையன் என்னை மன்னிக்கமாட்டார்.)

3

அவரைக் கேட்காமல் வராலை விட அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இருக்கிற கொஞ்சம் பேச்சையும் அவர் நிறுத்திவிட்டால்? போன் போட்டாள். டவுனுக்குப் போனவர் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்றார். பின்னால் ஒலிபெருக்கி அலறியது.

"கேக்குதா? மீனெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்கு. நாலு வரால் வாங்கி வச்சிருக்கேன். விடட்டா?"

இரைச்சல். அப்புறம் ஒரே வார்த்தை.

"கொள்ளாம்."

போன் அறுந்தது.

மலையாளத்தில் அதற்கு 'நல்லது' என்று பொருள். கேரள எல்லையோரம் எங்கள் பக்கத்துத் தமிழர் வாயிலும் அதுதான் வரும். முதல் பிரதியில் நான் அடித்ததோ 'கொல்லாம்'. கொல்லலாம் என்று! திருத்தப் போன விரல் அப்படியே நின்றது. அந்த இரைச்சலில் ரத்னாபாய்க்கு மட்டும் தெளிவாகக் கேட்டிருக்குமா? ள என்றால் சம்மதம். ல என்றால் 'கொன்னுக்கோ, உன் இஷ்டம்' என்ற கசப்பு, அதற்குப் பின் மாதக்கணக்கில் மௌனம். ஒரு குடும்பமே ஓர் எழுத்தில் தொங்குவதைப் பார்த்து நான் எழுந்து அறைக்குள் நடந்தேன்.

4

முடிவு ஒன்று: வாளியைக் கவிழ்த்தாள். சாயங்காலம் அவர் வந்து குளத்தைப் பார்த்து—

முடிவு இரண்டு: வாளியை மூடி வைத்தாள். மறுநாள் விடிந்தபோது குளத்தில் ஒரே வெள்ளை வயிறாக—

இரண்டையும் பாதியில் விட்டேன். மறுபடி போன் போட்டுக் கேட்டால் என்ன என்பீர்கள். போட்டாள். சுவிட்ச் ஆஃப். (ஆஃப் செய்தது நான்தான்.)

ரத்னாபாய் வாளியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். ஒரு வராலின் தலை விளிம்பைத் தாண்டிவிட்டது. அந்த வார்த்தையை நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவளுக்குக் கேட்கிற மாதிரி. நாக்கை மடிப்பதும் மடிக்காததும் உங்கள் பாடு.