கிருபாகரன் இன்வெர்ட்டர் தேர்ந்தெடுக்கிறார்

மனித வரலாறு என்பது ஏமாற்றுகிறவனுக்கும் ஏமாற மறுக்கிறவனுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் யுத்தம். ராஜ்ஜியங்கள் எழுந்ததும் விழுந்ததும் அதனால்தான்.

இதைச் சொன்னது எந்த ஞானியும் இல்லை. செய்யூர்ப் பக்கத்துக் கிருபாகரன். சொன்ன இடம், செங்கல்பட்டு இராட்டினங்கிணறு அருகே ஒரு பேட்டரிக் கடை. சொல்லும்போது அவர் கையில் கடைக்காரர் திருவேங்கடம் வரவழைத்துக் கொடுத்த டீ இருந்தது. எதற்காகக் கொடுத்தார் என்று பிடிபடாததால் அவர் அதைக் குடிக்கவில்லை. ஏடு கட்டிவிட்டது.

கிருபாகரனுக்குச் சிறுசேரியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. அடுத்தவர் செய்ததில் தப்பு கண்டுபிடித்தால் சம்பளம். கூடுதலாகக் கண்டுபிடித்தால் பாராட்டு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. பஸ் கண்டக்டர் சில்லறையைச் சரியாகக் கொடுத்தால் ஏன் என்று யோசிப்பார். சர்ச்சில் யாராவது கொஞ்சம் அதிக அன்போடு கைகொடுத்துவிட்டால், வெளியே வந்ததும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். தன்னை ஏமாற்றக்கூடியவன் இன்னும் பிறக்கவில்லை என்பதை அடக்கத்தோடு தினமும் சொல்லி வந்தார்.

இன்வெர்ட்டர் தேவைப்பட்டது அவருக்கில்லை, மனைவி ஜெனிஃபருக்கு. ஜெனிஃபர் வீட்டின் பின்கட்டுக் கோழி அறையில் முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்று வைத்திருந்தாள். நாட்டுக்கோழி முட்டைகளை அடுக்கி, உள்ளே சூடு மாறாமல் மூன்று வாரம் பார்த்துக்கொண்டால் குஞ்சு வரும். பார்த்துக்கொள்ள வேண்டியது கரண்டு. அந்தப் பக்கத்துக் கரண்டோ கடல்காற்றைக் கேட்டு நடக்கும். காற்று கொஞ்சம் முறுக்கினால் சவுக்குக் கிளை கம்பியில் சாய்ந்துவிடும். போன தடவை குஞ்சு பொரியும் தறுவாயில் அப்படித்தான் சாய்ந்தது. கரண்டு திரும்பி வந்தபோது முட்டைகள் சில்லென்று கிடந்தன. குஞ்சுக்குச் சொல்லிவைத்திருந்த பவுஞ்சூர்க்காரர் இன்னொரு தடவை பார்ப்பதாகவும், அதுவும் தவறினால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். ஜெனிஃபர் முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, பேட்டரியும் இன்வெர்ட்டரும் வராமல் அடுத்த ஈடு வைக்க மாட்டேன் என்றாள்.

மொட்டை மாடியில் சோலார் பேனல் இரண்டு ஏற்கெனவே இருந்தன. சூரியன் யாரையும் ஏமாற்றாது என்ற ஆராய்ச்சி முடிவின் பேரில் கிருபாகரன் அவற்றைத் துணிந்து வாங்கியிருந்தார். வெயிலைப் பிடித்து வைக்கும் பேட்டரி, அதை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர், இரண்டும் மனிதன் கையில் இருக்கும் சமாச்சாரம் என்பதால் அங்கே நிறுத்திக்கொண்டார். அதுவரை பேனல் வீணாகவில்லை. ஜெனிஃபர் அதன்மேல் கருவாடு காயவைத்தாள். சீக்கிரம் காய்ந்தது.

"நானே செலக்ட் பண்றேன். நீ தலையிடாத" என்று கிருபாகரன் சொன்னார். பிறகு ஆராய்ச்சி தொடங்கியது.

அந்த ஆராய்ச்சியின் அடிப்படை விதி எளிமையானது. விலை குறைவாக இருந்தால் போலி. அதிகமாக இருந்தால் கொள்ளை. நடுத்தரமாக இருந்தால், குறைவுக்கும் அதிகத்துக்கும் பயப்படுகிற ஆளைப் பிடிக்க விரித்த வலை. யூடியூபில் ஒருவன் ஒரு இன்வெர்ட்டரைப் புகழ்ந்தால் காசு வாங்கிவிட்டான். திட்டினால் காசு கிடைக்கவில்லை. இரண்டும் இல்லாமல் பேசினால் இன்னும் பேரம் படியவில்லை. எடை அதிகமான பெட்டியில்தான் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, மீன் நிறுக்கிற கொக்கித் தராசோடு செங்கல்பட்டுக்குப் போனார். திருவேங்கடம் காட்டிய முதல் பெட்டி நல்ல கனமாக இருந்தது. அவ்வளவு கனம் எதற்கு, உள்ளே என்ன வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

திருவேங்கடம் திறந்தே காட்டினார். இவ்வளவு தாராளமாகத் திறந்து காட்டுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று கிருபாகரன் முடிவு செய்தார்.

அடுத்தடுத்து இரண்டு முறை போனார். மூன்றாவது முறைதான் அந்த டீயும், மனித வரலாறும். திருவேங்கடம் வரலாற்றை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், பொண்ணு பாக்க வந்த மாரி மூணு வாட்டி வந்துட்ட. சொஜ்ஜி துன்னாச்சு, பஜ்ஜி துன்னாச்சு. பொண்ண நடக்கச் சொல்லிப் பாத்த, பாடச் சொல்லிப் பாத்த. புடிச்சிருக்கா இல்லியா, அத்த மட்டும் சொல்ல மாட்டேன்ற."

கிருபாகரன் டீயை மேசைமேல் வைத்தார். "நீங்க ஏன் இவ்ளோ அவசரப்படறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் படி இறங்கினார்.

வீட்டுக்கு வந்து, அந்தக் கடைப்பக்கம் மட்டும் போகவே கூடாது என்று ஜெனிஃபரிடம் உத்தரவு போட்டார். அவள் சரி என்றாள். அவளுடைய தம்பி சாலமோன், மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஏசி பார்க்கிறவன், அப்போது வந்திருந்தான். வயரிங் வேலையும் தெரியும். அதனாலேயே கிருபாகரனின் சந்தேகப் பட்டியலில் அவனுக்கு முதலிடம். கமிஷன் இல்லாமல் மச்சான் எதற்கு அடிக்கடி வருகிறான்?

"மாமா, நீ இன்வெர்ட்டர் வாங்கறதுக்குள்ள சூரியனே அணைஞ்சு பூடும்" என்றான் சாலமோன்.

"அணையாது" என்றார் கிருபாகரன். "அத மட்டும் நான் செக் பண்ணிட்டேன்."

கொஞ்ச நாள் கழித்து நாவலூரில் சோலார் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடந்தது. கிருபாகரன் முதல் வரிசையில் உட்கார்ந்து, பேசிய எல்லோரையும் கேள்வி கேட்டார். மேடையில் இருந்தவர்கள் மதியச் சாப்பாட்டை நேரத்துக்கு முன்னாலேயே அறிவித்தார்கள். இதைத் தன் வாதத்துக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டு திரும்பிவந்தவர், அதே சூட்டில் மின்தடை பற்றி மின்வாரியத்துக்கு ஒரு புகாரும் தட்டினார். ஆங்கிலத்தில், மூன்று பக்கம், கடைசிப் பத்தியில் சட்ட நடவடிக்கை.

அப்புறம்தான் அதிசயம். கரண்டு போவது நின்றுவிட்டது.

வாரத்தில் இரண்டு நாள் அவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார். முன்பெல்லாம் நடுமத்தியானம் ஃபேன் நின்று, வைஃபையும் நின்று, மீட்டிங்கிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைக்கும். இப்போது மீட்டிங்குகள் முழுதாக நடந்தன. கஷ்டம்தான் என்றாலும், ஒரு தனிமனிதனின் பேனா என்ன செய்யும் என்பதற்கு அவரே சாட்சி. சர்ச் வாசலில் சொன்னார். வாட்ஸாப்பில் சொன்னார். இனி இன்வெர்ட்டரே தேவையில்லை என்றும், தான் பொறுமையாக இருந்ததால் எவ்வளவு மிச்சம் என்றும் ஜெனிஃபரிடம் சொன்னார். ஜெனிஃபர் தலையசைத்துவிட்டு அடுத்த ஈடு முட்டைகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

ஒரு திங்கட்கிழமை எதிர்வீட்டுச் செங்கல்வராயன் கேட்டில் சாய்ந்துகொண்டு விசாரித்தார். "நேத்து மத்தியானம் பூரா தெருவுல கரண்டு இல்ல. உங்க வூட்ல மட்டும் ஃபேன் ஓடிகினு கீது. இன்னா மேட்டரு?"

கிருபாகரன் முதலில் செங்கல்வராயனைச் சந்தேகப்பட்டார். பில் கட்டாததால் ஃபியூஸைப் பிடுங்கியிருப்பார்கள், தெருவையே துணைக்கு இழுக்கிறான். ஆனால் பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். உடனே வேறொரு விளக்கம் தோன்றியது. புகாரைப் படித்துப் பயந்துபோய்த் தன் வீட்டுக்கு மட்டும் தனியாக ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இந்த எண்ணம் அவருக்கு ஒரு சாயங்காலம் முழுக்க இதமாக இருந்தது.

மறுநாள் மாடிக்குப் போனார். கருவாடு பேனல்மேல் இல்லை. கீழே தரையில் சாக்கு விரித்துக் காய்ந்தது. பேனல்கள் துடைத்துவிட்ட கண்ணாடிபோல் பளபளத்தன. கிருபாகரன் கருவாட்டையும் பேனலையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு சோதகரின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மீன் வாடை பேனலுக்கு ஆகாது என்று யாரோ ஜெனிஃபரிடம் புளுகி, ஏதோ திரவம் விற்றிருக்கிறான் என்று கண்டுபிடித்தார்.

கீழே வந்தால், கோழி அறைக்குப் பக்கத்துத் தட்டுமுட்டு அறையில் புதுப் பூட்டு. பூனை வருகிறது என்றாள் ஜெனிஃபர். பூனைக்குப் பூட்டா? அவர் வாய் திறக்கவில்லை. தனக்குச் சந்தேகம் வந்தது எதிராளிக்குத் தெரியக்கூடாது.

அன்று இரவுச் சாப்பாட்டில் ரசத்தைக்கூட இரண்டு முறை முகர்ந்தார். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு பதில்தான் பொருந்தியது. தெரு இருண்டு கிடக்கையில் ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். வயரிங் தெரிந்த மச்சான். பூட்டின அறை. சாலமோன் எங்கிருந்தோ கொக்கி போட்டுக் கரண்டு திருடுகிறான். பூட்டுக்குப் பின்னால் இருப்பது அந்தத் திருட்டு ஒயர். நாளைக்குப் பிடிபட்டால் வீடு யார் பேரில் இருக்கிறது? புகாரில் கையெழுத்துப் போட்டவர் பேரில்.

புதன்கிழமை, மீட்டிங் நடுவில், கிருபாகரன் எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினார். நிமிர்ந்து பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் யாரோ, "கிருபா, ஆர் யூ தேர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெட்டுக்குறட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். பூட்டின கதவுக்கு மேலிருந்து ஒரு புது ஒயர் இறங்கி, கோழி அறைக்குள் போயிற்று. அவர் வெட்டுக்குறட்டை உயர்த்தியபோது ஜெனிஃபர் கோழி அறையிலிருந்து வெளியே வந்து ஒயருக்கு முன்னால் நின்றாள். கையில் ஒரு முட்டை ஓடு.

"அதுல கைய வெச்சீங்க," என்றாள், "அப்புறம் நடக்கறதே வேற."

"திருட்டு கரண்டு, ஜெனி. கேஸ் ஆயிடும். நான் கம்ப்ளைன்ட் குடுத்தவன்."

"உள்ள குஞ்சு பொரிஞ்சிகினு கீது. போன வாட்டி இதே நேரந்தான் எல்லாம் செத்துச்சு. ஒயர அறுக்கணும்னா என்ன தள்ளிட்டு அறுங்க."

கிருபாகரன் வெட்டுக்குறட்டை இறக்கவில்லை, உயர்த்தவும் இல்லை. உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. ஜெனிஃபர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தட்டுமுட்டு அறையைத் திறந்தாள்.

உள்ளே கொக்கி இல்லை. பேட்டரி இருந்தது. சுவரில், பச்சை விளக்கு எரிய, இன்வெர்ட்டர் இருந்தது. திருவேங்கடம் முதல் நாள் திறந்து காட்டிய அதே கனமான பெட்டி.

அவர் நாவலூர் போன ஞாயிற்றுக்கிழமை சாலமோன் வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். முட்டை விற்ற காசு, யாரிடமும் கேட்கவில்லை. கடையில் ஜெனிஃபர் இரண்டே கேள்விதான் கேட்டாளாம். கரண்டு போனால் முட்டைப் பெட்டிக்கும் இரண்டு ஃபேனுக்கும் எத்தனை மணி நேரம் தாங்கும்? ரிப்பேர் ஆனால் வருகிற ஆள் எந்த ஊர்? அவர் செய்யூர்தான் என்றார்கள். ஊருக்குள் அதே இன்வெர்ட்டர் வைத்திருந்த கூல்டிரிங்ஸ் கடைக்காரரிடம் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள், ஓடுகிறது என்றார். வாங்கிவிட்டாள்.

"சொல்லியிருக்கலாமே" என்றார் கிருபாகரன்.

"சொன்னா நாலாவது வாட்டி பொண்ணு பாக்கக் கெளம்புவீங்க."

கிருபாகரன் இன்வெர்ட்டரைச் சுற்றிவந்தார். பின்பக்கம் பார்த்தார். உட்கார்ந்து அடியில் பார்த்தார். ஒயர் முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவருக்கு உறுத்தியது. எழுந்து, தொண்டையைச் செருமி, இயந்திரம் ஓடுவதில் பெருமை இல்லை, நின்றால் யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி என்றார். வாரண்டி பதிந்தீர்களா? கடைக்காரன் பேச்சை நம்பி விட்டிருப்பீர்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

"பதிஞ்சாச்சு" என்றாள் ஜெனிஃபர், குஞ்சுகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டே. "உங்க பேர்ல, உங்க நம்பர்ல. மாட்டின மறுநாள் நீங்க மீட்டிங்ல இருந்தீங்க. போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், என்னான்னு சொல்லுங்கன்னேன். சொன்னீங்க."

கிருபாகரன் போனை எடுத்துத் தேடினார். ஓடிபி வந்திருந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. எதற்கு என்று கேட்காமல், ஆறு இலக்கத்தையும் அவர் இரண்டு முறை நிறுத்தி நிதானமாக வாசித்திருந்தார்.