தலை தூக்காத நானூறு மீட்டர்

மட்டாஞ்சேரிக் காயலில் நீந்திப் பழகிய செல்வலட்சுமிக்கு ஒரு கெட்ட பழக்கம். அங்கே ‘போட்டு’ என்று சொல்லும் படகு வருகிறதா என்று பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்ப்பாள். மூன்று முறை மாநில ஃப்ரீஸ்டைல் பட்டம் வென்றும் அது போகவில்லை. போன வருடம் தேசியத் தங்கம் அரை விநாடியில் கைநழுவியதும் அதனால்தான்.

“குளத்துல ஏது மோளே போட்டு?” என்று பயிற்சியாளர் சேவியர் கத்தாத நாளில்லை.

இந்த வருடத் தேசிய இறுதிப் போட்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தாள். கழுத்து தானாக எழப் பார்த்தது, அவள் விடவில்லை. நானூறு மீட்டரும் நீச்சல் குளத் தரையின் கறுப்புக் கோட்டில் கண்ணை வைத்து நீந்தி, சுவரைத் தொட்ட பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

கரையில் ஓடிவந்த சேவியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “போட்டு ஏதாவது வந்துச்சா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். மற்ற ஏழு பேரும் இன்னும் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

“வருது சார். எல்லாம் பின்னாலதான் வருது.”