படங்கில் உட்கார்ந்து பார்க்கும் ராக் கச்சேரி

நாற்பத்து நான்கு வயது அகஸ்டினாவுக்கு இரண்டு பக்திகள். ஒன்று ஞாயிறு பூசை. மற்றது 'ஏழாம் நம்பர்' என்ற ராக் இசைக்குழு. பூசையில் கடைசி வாங்குப் பலகையில் உட்காருவாள். கச்சேரியிலோ மேடைக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.

கம்பியைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. கொழும்பில் ஒரு தடவை எவனோ பூட்ஸ் காலால் மிதித்து அவள் பெருவிரல் நகம் போயிற்று. வெலிமடையில் கொட்டும் மழையில், முன்பின் தெரியாத ஒருத்தன் தோளில் சாய்ந்து அழுதாள், அவனும் அழுதான், பாட்டு முடிந்ததும் இருவரும் முகம் பார்க்காமல் நகர்ந்துவிட்டார்கள். கூட்டத்தின் நாகரிகம் அது. பதுளை மருந்துக்கடையில் நாள் முழுக்க "சாப்பாட்டுக்குப் பெறகு ரெண்டு" என்று மெல்லச் சொல்லும் இவள், கச்சேரிக்கு மறுநாள் மட்டும் தொண்டை கட்டிச் சைகையில் வியாபாரம் பார்ப்பாள்.

அந்தக் குழு கடைசியாக மேடையேறி ஐந்து வருடமாயிற்று. பாட்டுக்காரன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது விடுமுறையில் வந்திருந்தான். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மைதானத்தில் ஒரே ஒரு கச்சேரி. புதன்கிழமை திரும்பவும் விமானம். இதை விட்டால் இன்னும் ஐந்து வருடமோ என்னவோ. ஆகவே அகஸ்டினா மகள் ஜெசீகாவை இழுத்துக்கொண்டு ஒரு மணிக்கே போய்ச் சேர்ந்தாள்.

அங்கே கம்பி இல்லை. தரை முழுக்க, உட்காருவதற்குத் தார்ப்பாய்ப் படங்கு விரித்திருந்தது. நடுவே ஒரு கயிறு.

தோட்டத்து வாலிபர் சங்கத்துக்குக் கச்சேரி நடத்திப் பழக்கமில்லை. திருவிழா நடத்தித்தான் பழக்கம். கோயில் கமிட்டியிடம் கயிறு, படங்கு, விசில் ஊதும் தொண்டர்கள் எல்லாவற்றோடும் நிகழ்ச்சி நிரலையும் சேர்த்து இரவல் வாங்கியிருந்தார்கள்.

"பொம்பளைங்க இந்தப் பக்கம், ஆம்பளைங்க அந்தப் பக்கம். எல்லாரும் உக்காருங்க," என்றார் தலைமைத் தொண்டர் மாடசாமி.

"அண்ணே, இது ராக் கச்சேரி. நின்னுதான் பாக்கணும்," என்றாள் அகஸ்டினா.

"நின்னா பின்னாடி உள்ளவங்களுக்கு மறைக்கும்ல? ஏன், முழங்கால் வலியா? நாக்காலி போடவா?"

ஜெசீகா துப்பட்டாவைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "ஆமான்னு சொல்லும்மா. சோபா கெடைச்சாலும் கெடைக்கும்."

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி ஆறு மணி வரைதான். மூன்று மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஒன்பது பொன்னாடை. நாலரைக்கு 'சமூகச்சுடர்' இராசலிங்கம் மைக்கைப் பிடித்தார். பிரதேச சபையின் முன்னாள் உறுப்பினர். அந்த 'முன்னாளை' ஊர் மறக்கும்வரை பேசுவதென்று இருப்பவர். ராக் இசையின் தோற்றத்தில் தொடங்கினார், சங்க காலத்துக்குப் போனார், அங்கேயே குடியேறிவிட்டார். அவருக்குப் பின்னால் டிரம்காரன் தன் டிரம்களுக்கு நடுவே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

ஐந்து பத்துக்கு, போதும் என்ற அர்த்தத்தில் கூட்டம் கைதட்டியது. சமூகச்சுடர் நெகிழ்ந்துபோனார். "உங்கள் ஆர்வத்தைப் பார்த்தால் இன்னும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது..."

"இனி ஒருத்தியும் தட்டாதீங்கடி," என்று பின்னாலிருந்த வேலாயி கெஞ்சினாள். "தட்டத் தட்டத்தான் மனுசன் நீளுறாரு."

ஐந்தரை. அகஸ்டினா கணக்குப் பார்த்தாள்: ஆறு மணிக்கு இன்னும் அரை மணி நேரம். கத்தினால் மாடசாமி விசிலோடு வருவார். வேறு எதற்குத்தான் இந்தச் சமூகச்சுடர் வாயை மூடுவார்? யோசித்தாள். அப்படி ஒன்று இருந்தது.

மெல்ல எழுந்தாள். கைகளை முன்னால் கோத்துத் தலை குனிந்து, கல்லறைத் திருநாள் முகத்தோடு அசையாமல் நின்றாள்.

"அம்மா, என்னா செய்ற?"

"எந்திரி. தலையக் குனி. சிரிச்சே, கொன்னுருவேன்."

ஜெசீகா எழுந்தாள். வேலாயி பார்த்தாள். மௌன அஞ்சலி போலிருக்கிறது, நம் காதில்தான் விழவில்லை என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். வரிசை எழுந்தது. செத்தது யார் என்று அந்த நேரத்தில் கேட்பது மரியாதையில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் தொப்பிகள் கழன்றன. மாடசாமி விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

சமூகச்சுடர் பாதி வாக்கியத்தில் நின்றார். ஒரு சாவு தனக்குத் தெரியாமல் போயிற்றென்று எந்த அரசியல்வாதி ஒப்புக்கொள்வார்? மைக்கைத் தாங்கியில் செருகிவிட்டு, எல்லோரையும் விட ஆழமாகத் தலையைக் கவிழ்த்தார்.

அகஸ்டினா முப்பது வரை எண்ணினாள். பிறகு நிமிர்ந்து, டிரம்காரனைப் பார்த்து, 'அடி' என்று கையை வீசினாள். அவன் இரண்டரை மணி நேரமாக வேறு எதற்காகக் காத்திருந்தான்? அடித்தான்.

அறுநூறு பேர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்கள். இனி அவர்களை உட்காரவைக்க எந்த விசிலாலும் முடியாது. கயிறு காணாமல் போயிற்று. அகஸ்டினா ஓடிப்போய், கம்பிக்குப் பதில் மேடையின் விளிம்புப் பலகையைப் பிடித்தாள். யாரோ முதுகில் முட்டினார்கள். எவளுடைய முழங்கையோ காதில் பட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மேடையிலிருந்து இறக்கப்பட்ட சமூகச்சுடர் மாடசாமியின் காதுக்குள் கத்தினார்: "தம்பி, செத்தது யாரு?"

"தெரியலீங்க ஐயா. நல்லா வாழ்ந்த மனுசனாத்தான் இருக்கணும். சனம் எப்புடி ஆடுது பாருங்க!"

ஆறாவது பாட்டின் நடுவில் பொலிஸ்காரர் கடிகாரத்தைத் தட்டிக் காட்ட, ஒலிபெருக்கி அடங்கியது. டிரம்மை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மீதியைச் சனமே பாடியது, சுருதி தப்பி, அரைவாசி வரியை விழுங்கி. பாட்டுக்காரன் ஓரிடத்தில் திணறினான். ஐந்து வருடத்தில் அடுத்த அடி மறந்திருந்தது. மேடை விளிம்பில் குந்தி, கீழே தெரிந்த அகஸ்டினாவின் வாயைப் பார்த்தான். அவளுக்குத் தொண்டை போய் வெறும் உதடுதான் அசைந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவன் கடைசி வரி வரை பாடினான்.