நாற்பது கேமராவுக்கு

“பிளக்கைப் பிடுங்காதீங்க!” என்று சின்னது போட்ட சத்தத்தில் அவள் கணவன் ரவுட்டரிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

“ஒரு தடவை அணைச்சுப் போட்டா சரியாயிடும்னு பாத்தேன்.”

“நீங்க சரிபண்ணின வரைக்கும் போதும். அண்ணனுக்குப் படம் வரலை. இங்க அப்பாவுக்கு மூச்சு இழுக்குது.”

காலையில் வந்த நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னிக்குப் பொழுதைத் தாண்டறது கஷ்டம்மா, பக்கத்துலயே இருங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்தில் இருப்பதற்காகத்தான் சின்னது மருந்துக்கடை வேலையையே விட்டிருந்தாள். அண்ணன் நடுக்கடலில், சரக்குக் கப்பலில் எஞ்சினியர். அங்கே வீடியோ கால் பேசுவதையெல்லாம் தடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கேமரா காட்டுவது மட்டும் அவனுக்கு அங்கே தெரியும். படம்தான், சத்தம் வராது. அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர் அப்பாவேதான்.

அவர் ஆயுசு பூராவும் கிடங்கு பார்த்தவர். எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ரவுட்டர் பாட்டுக்கு இணையத்தில் சேர்ந்த வீட்டுச் சாமான்களுக்கு விலாசம்போல இன்றைக்கு ஒரு எண், நாளைக்கு ஒரு எண் என்று மாற்றிக் கொடுப்பதைக் கண்டுபிடித்த நாளில், “இது என்ன அநியாயம்!” என்று உட்கார்ந்து, டிவிக்கு இது, பிரிண்டருக்கு இது என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டார். அண்ணன் கப்பலிலிருந்து தட்டுவது கேமராவுக்கு ஒதுக்கிய அந்த எண்ணைத்தான்.

“உண்மையைச் சொல்லுங்க, என்ன பண்ணினீங்க?”

கணவன் தலையைச் சொறிந்தான். “ஆபீஸ் லேப்டாப்புக்கு நேத்து ஒரு நம்பர் ஒதுக்கப் போனேன். இதுக்குமேல இடமில்லைன்னுச்சு. பேரே இல்லாம ஒண்ணு கிடந்துது, ஏதோ பழசுன்னு நினைச்சு அழிச்சுட்டேன்.”

“எந்த நம்பர் அது?”

“அதுதான் ஞாபகம் வரமாட்டேங்குது.”

லேப்டாப்புக்கு ஒதுக்கியதை எடுத்துவிட்டு, தோன்றிய எண்களைக் கேமராவுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் சின்னதின் காதோடு ஒட்டியிருந்த போனில் அண்ணன், “வரலை” என்றான். “கேப்டன் இந்தப் போனைக் கொஞ்ச நேரத்துக்குத்தான் குடுத்திருக்காரு. அப்பாகிட்ட கேளு, சின்னது.”

சாகக் கிடக்கிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் போய்க் கட்டிலருகே குனிந்தாள்.

“அப்பா, கேமராவுக்கு என்ன நம்பர் குடுத்தீங்க?”

அப்பா கண்ணைத் திறந்தார். நேற்றிலிருந்து திறக்காத கண்.

“மாப்பிள்ளை… கைய வெச்சாரா?”

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆமாம்ப்பா.”

“நாப்பது. நாப்பது… கேமராவுக்கு.”

“அவரையே போடச் சொல்றேன். நான் இங்கயே இருக்கேன்.”

அவர் தலை மெல்ல ஆடியது. “அவரு கெடுத்துருவாரு. நீ போ.” ஒரு மூச்சு இழுத்து, விட்டு, இன்னொன்றும் இழுத்தார். “பெரியவன் பாக்கட்டும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. துடைக்கவும் தூக்கவும் புரட்டிப் போடவும் நான். பார்ப்பதற்குப் பெரியவன். ஆனால் எழுந்து போனாள்.

கூடத்தில் கணவனை நகரச் சொல்லிவிட்டு நாற்பதைப் போட்டுச் சேமித்தாள். ரவுட்டர் தானாகவே ஒரு தடவை அணைந்து எழப் போக, விளக்குகள் மொத்தமாக அணைந்தன. அப்பாவிடம் போக எழுந்தாள்.

“இன்னும் வரலை. போயிடாதே, சின்னது” என்றான் அண்ணன். “இந்தத் தடவையும் இல்லைன்னா?”

நின்றாள். ஒரு விளக்கு வந்தது. இரண்டாவது வருவேனா என்று அடம்பிடித்தது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. “எரிஞ்சு தொலையேன்” என்று அதைத் திட்டினாள்.

“வந்துருச்சு!” அண்ணன் சின்னப் பையன்போலக் கத்தினான். “அப்பா தெரியறாரு! எவ்வளவு இளைச்சுட்டாரு…” அப்புறம் குரல் மாறியது. “சின்னது, நீ எங்க இருக்கே?”

“கூடத்துல.”

“உள்ள போ. சீக்கிரம் உள்ள ஓடு!”

நாற்காலியில் இடித்துக்கொண்டு ஓடினாள். அப்பாவின் முகம் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கையைப் பிடித்தாள், சூடு இருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். காதில் அண்ணன் விசும்பிக்கொண்டிருந்தான். “நெஞ்சு அசையலை. நான் பாத்துட்டேதான் இருக்கேன், அசையலை.”

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

“நீ பாத்துட்டே இல்ல? உனக்குத்தான் குடுத்து வெச்சிருக்கு. ஒரு வருஷமா கூடவே கிடந்த எனக்கு இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு டாக்டர் வந்து உறுதிசெய்தார். சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். சாயங்காலம் அப்பாவைக் கொண்டுபோய் எல்லாம் முடித்தார்கள்.

வீடு திரும்பி அவள் அறைக்குள் வந்தபோது போன் அடித்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே நின்று, கடைசியில் எடுத்தாள்.

“என்னாலதான்” என்றான் அண்ணன். “நான்தான் போகாதேன்னேன்.”

அவள் கட்டிலருகே போய் நின்றாள்.

“கடைசியா என்ன சொன்னாரு, சின்னது?”

“நாப்பதுன்னாரு.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. அவன் அழுது ஓயும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா சொன்ன அந்த இன்னொரு சொல்லை வெளியே விடாமல் தனக்கே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. இரண்டு தடவை விழுங்கியும் பார்த்தாள்.

“பெரியவன் பாக்கட்டும்னாரு” என்றாள். “அதுக்காகத்தான் என்னை அனுப்பினாரு.”

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

“சின்னது, அவரு கேமரா பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பலை. படம் வந்ததுலேருந்து கதவையேதான் பாத்துட்டிருந்தாரு. நீ வர்ற வழியை.”

கணவன் வாசற்படியில் வந்து தயங்கி நின்றான். “அந்த நாப்பதை இனி எடுத்துரலாமா?”

“இருக்கட்டும், விடுங்க.”

அண்ணன் இன்னும் போனை வைக்கவில்லை. எதிர்ச்சுவரில் கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் காலிக் கட்டிலின் விரிப்பை நீவிவிட்டாள். பிறகு நாற்காலியை, படத்தில் தெரிகிற மாதிரி, கொஞ்சம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.