கோபாலு தாடி எடுத்த கதை

முள்ளுக்கும் வெயிலுக்கும் அசராத உடம்பு கோபாலுக்கு. திருப்புலிவனத்து ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்பில் அவன் வீடு. வேலிகாத்தான் மரம் வெட்டுகிற வேலை. முழங்கையில் முள் கிழித்தால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ஆனால் கன்னத்தில் பிளேடு பட்டால் போதும், மறுநாளே அரிசி அரிசியாகக் கொப்புளம் கிளம்பிவிடும். மீசை முளைத்த நாளிலிருந்து இதே பாடு. அதனால் தாடியை வளர்த்துவிட்டான். கல்யாணத்துக்குக்கூடக் கத்தரிக்கோலால் ஓரம் நறுக்கிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தான்.

அந்தத் தாடிக்குத்தான் இப்போது ஆபத்து. வாலாஜாபாத் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. மழை பிடித்தால் மரம் வெட்டும் வேலை நின்றுபோகும், கம்பெனி நிற்காது. விடியுமுன்னே கம்பெனி பஸ் ரோட்டு முனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். ஆனால், தின்கிற பண்டம் செய்கிற இடம், தாடியும் ஆகாது, மீசையும் ஆகாது.

"தாடி போனா வளரும். வேல போனா வளருமா?" என்றாள் அவன் பெண்டாட்டி அம்முலு.

சனிக்கிழமை உத்திரமேரூர் போய், மணியின் சலூனில் எல்லாவற்றையும் வழித்துவிட்டு வந்தான். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த அம்முலு நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வேணும்? வூட்டுக்காரரு வெளிய போய்க்கீறாரு."

"சிரிக்காதமே. காத்துப் பட்டாலே எரியுது."

ஞாயிற்றுக்கிழமை கொப்புளம் கிளம்பியது. அதன் மேல் பிளேடு வைக்கப் பயந்துகொண்டு, திங்கட்கிழமை அப்படியே பஸ் ஏறினான். கம்பெனி வாசலில் சூப்பர்வைசர் கேசவன் டார்ச் அடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபாலிடம் வந்ததும் டார்ச் நின்றுவிட்டது.

"இன்னாப்பா, சொரசொரன்னு கீது?"

"சனிக்கெழமதான் சார் எடுத்தேன்."

"சனிக்கெழம துன்ன சோறு இன்னிக்கு வயித்துல கீதா? தெனம் வழிச்சிட்டு வரணும். நாளைக்கு வா."

மணியின் சலூன் திறப்பதற்குள் கம்பெனி பஸ் வாலாஜாபாத்தைத் தொட்டிருக்கும். அதனால் தானே வழித்துக்கொள்வது என்று முடிவு செய்து, கடையில் அடுக்கடுக்காகப் பிளேடு பதித்த பிளாஸ்டிக் ரேசர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். கம்பெனி பஸ் சாயங்காலம்தான் திரும்பும் என்பதால், வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"இப்பவே வழிச்சிட்டா காலையில அவசரம் இருக்காது," என்று சோப்பைக் கையில் எடுத்தான்.

"கீழ வெய்யி. விளக்கு வெச்சிட்டேன். விளக்கு வெச்ச வூட்ல மயிரு வுழக் கூடாது."

"கம்பெனிக்கு அது தெரியுமா?"

"எனக்குத் தெரியும். காலையில எழுந்து பண்ணு. நாளைக்குச் செவ்வாக்கெழம வேற. அதக்கூட வுட்டுத் தர்றேன், இத வுட மாட்டேன்."

காலையில் அரை இருட்டு, குளிர்ந்த தண்ணீர், ரோட்டு முனையில் பஸ் வந்துவிடுமோ என்ற பதைப்பு. வேலிகாத்தான் கட்டையைச் சீவுகிற வேகத்தில் கோபால் கன்னத்தைச் சீவினான். இந்தப் பக்கம் இழுத்தான், போகவில்லை. எதிர்ப்பக்கம் இழுத்தான், வந்தது, ரத்தத்தோடு வந்தது. தாடை ஓரம் மூன்று நான்கு இடத்தில் கொட்டியது. துணி வைத்து அழுத்தினாலும் நிற்கவில்லை. ரத்தம் வந்தால் மணி படிகாரம் தடவுவான் என்பது ஞாபகத்துக்கு வந்தது. இந்த நேரத்தில் படிகாரத்துக்கு எங்கே போவது?

பக்கத்து வீட்டு வாசலில் தொங்கியது. செங்கேணி புதிதாகக் கட்டிக் குடிபோன வீடு. நிலைப்படிக்கு மேலே, கண்ணேறு படாமல் இருக்க, கறுப்புக் கயிற்றில் தேங்காய் அளவுக்குப் படிகாரம். கோபால் தண்ணீரைத் தொட்டு அதை நனைத்தான். கழற்ற நேரமில்லை. எக்கி நின்று, கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கன்னத்தை அதில் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"யாரது?"

"நான்தான்க்கா, கோபாலு."

"வாசல்ல தொங்கிக்கினு இன்னா பண்ற?"

"ரத்தம் நிக்கலக்கா. கொஞ்சம் படிகாரம் தேச்சிக்கினு கீறேன்."

"தேச்சிக்கறதுக்கா கட்டிக்கீறேன்? வூடு கட்டுன நாள்லேர்ந்து ஊருக் கண்ணு அத்தினியும் அதுலதான் ஏறிக்கீது. அத்தப் போயி மூஞ்சில பூசிக்கினியே தம்பி."

"மணி கடையிலயும் இதானேக்கா பூசறான்?"

"அது கடைக்குள்ள கீற கல்லு. இது வாசல்ல தொங்குற கல்லு. ரெண்டும் ஒண்ணா?"

பஸ் ஹாரன் கேட்டு ஓடினான்.

கேசவன் டார்ச்சை அடித்து, உடனே அணைத்துவிட்டார்.

"இன்னாப்பா இது, கோழி சண்டைக்குப் போனியா?"

"முடி இல்ல சார். தடவிப் பாருங்க."

"முடி இல்ல, புண்ணு கீதே. பச்சப் புண்ணோட வந்து மாவுல கைய வெப்பியா? முடி இருந்தாலும் உள்ள உட மாட்டேன், புண்ணு இருந்தாலும் உட மாட்டேன்."

"ரெண்டும் இல்லாம எப்டி சார் வர்றது?"

"பஸ்சுல வந்தவங்க அத்தினி பேரும் வந்துக்கீறாங்களே." கேசவன் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "வர்ற திங்கக்கெழம வரைக்கும் டைம் தர்றேன். அப்பவும் இப்டியே வந்து நின்னீன்னா, பேர அடிச்சிட்டு வேற ஆளப் போட்டுடுவேன். என்னைக் கேக்கறதுக்கும் மேல ஆளு கீது."

மறுநாள் கோபாலின் கழுத்து முழுக்கக் கொப்புளம். செங்கேணிக்கு அதைப் பார்த்ததில் வருத்தமும் இருந்தது, தன் வீட்டுக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நான் சொல்லல? என் வூட்டு மேல இருந்த கண்ணு பூரா இவன் மூஞ்சில எறங்கிடுச்சி. இம்மாம் பேரு பாத்துக்கீறாங்க பாரு என் வூட்ட."

உப்பும் மிளகாயும் எடுத்து வந்து அவளே சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடி ஏறிக் குடியிருப்பே இருமியது. கோபாலின் கன்னம் இன்னும் சிவந்தது.

"நாங்க ஆஸ்பத்திரிக்கிப் போயி ஒரு பேச்சு கேட்டுட்டு வந்துடறோம்க்கா," என்று அம்முலு அவனை இழுத்துக்கொண்டு உத்திரமேரூர் போனாள்.

டாக்டரம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "எதுல ஷேவ் பண்ணீங்க?"

கோபால் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் ரேசரை எடுத்துக் காட்டினான்.

"உங்க தோலுக்கு இது ஆகாது. அடுக்கா இருக்கிற பிளேடு முடியை இழுத்துத் தோலுக்குக் கீழ வெட்டிடும். அது வளர்றப்போ தோலைக் குத்திக்கிட்டு வருது. அதான் கொப்புளம். ஒத்தை பிளேடு மாட்டுற பழைய மாதிரி ரேசர் வாங்குங்க. புண்ணு ஆறுற வரைக்கும் எதுவும் தொடாதீங்க. அப்புறம் வெந்நீர்ல முகத்தை ஊற வச்சு, முடி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே இழுங்க. சலூன்ல பண்ற மாதிரி எதிர்த்து இழுக்காதீங்க, அழுத்தாதீங்க. முதல் நாள் சாயங்காலமே பண்ணிட்டா தோல் ராத்திரி முழுக்க ஆறும்."

"கண்ணு பட்டதுன்னு சொல்றாங்களே?" என்றான் கோபால். பாதி நம்பிக்கைதான், ஆனாலும் கேட்டுவிட்டான்.

"கண்ணு இல்லைங்க. கை. உங்க கை."

வெளியே வந்ததும் அம்முலு கடைக்கு நடந்தாள். டாக்டரம்மா சொன்ன ரேசரும் பிளேடும் பிரஷும் வாங்கினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "சாயங்காலமாம்," என்றாள்.

"நீதான் விளக்கு வெச்சா கூடாதுன்றியே."

"அத்தத்தான் நெனச்சிக்கினு வர்றேன். வேலைக்குப் போனியானா தெனம் இருட்டிதான் வருவ."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. புண் ஆறிவிட்டது. கழுத்தில் முடி மறுபடி முளைத்து நின்றது. அன்று பார்த்து மரம் ஏற்ற வந்த லாரி தாமதம். கோபால் வீடு வந்து சேரும்போது ஏரிக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. வாசலில் கால் வைத்தவன் நின்றுவிட்டான்.

"போச்சு. விளக்கு வெச்சிருப்ப."

"வெக்கல. உள்ள வா."

கூடத்தில் பல்பு எரிந்தது. மாடத்தில் அகல் திரி போட்டு, எண்ணெய் ஊற்றித் தயாராக இருந்தது, ஏற்றவில்லை. பலகை மேல் வெந்நீர்ச் சொம்பு, துண்டு, சோப்பு, ரேசர். அம்முலு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து அவன் முகத்தில் போட்டு மூடினாள். எடுத்ததும் தன் உள்ளங்கையால் அவன் கழுத்தைத் தடவினாள், ஆட்டுக்குட்டியைத் தடவுவது போல.

"கன்னத்துல கீழ சாயுது. தாடையில பின்னால சாயுது. இங்க கொரவளையாண்ட சுழிய்யா, ரெண்டு சுழி."

"மாட்டுக்குத்தானே சுழி பாப்பாங்க."

"ஒரு மாட்டுக்கு இப்டி இருந்தா சந்தையில எவனும் புடிக்க மாட்டான். என் தலையில கட்டிக்கீறாங்க."

மறந்துபோகாமல் இருக்கக் கண்மையை எடுத்து, எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று முகம் முழுக்கக் கோடும் அம்புமாகப் போட்டாள். கோபால் கண்ணாடியில் பார்த்தான். அம்முலு பிரஷ்ஷில் நுரை தள்ளி முகம் முழுக்கப் பூசினாள். பூசி முடித்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது, நுரைக்குக் கீழே ஒரு அம்பும் கண்ணில் படவில்லை.

"இப்ப எந்தப் பக்கம்மே?"

"இரு, இரு. தப்பு பண்ணிட்டேன்."

முழுக்கத் துடைத்துவிட்டு, மைக்கோட்டை மறுபடி போட்டு, இந்த முறை பாத்தி பாத்தியாக, ஒரு சின்ன இடத்துக்கு மட்டும் நுரை வைத்தாள். அம்பை மனதில் வாங்கிக்கொண்டு கோபால் ரேசரை எடுத்தான். பிடியை முழுக் கையால் இறுக்கிப் பிடித்தான்.

"கட்டைய பொளக்கப் போறியா? பீடி புடிக்கற மாரி புடி."

இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தான். அப்படிப் பிடித்தால் அழுத்தவே முடியவில்லை. ரேசர் தன் கனத்தில் தானே இறங்கியது. சரக்கென்ற சத்தம். எரிச்சல் இல்லை. அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். விரலில் ரத்தமும் இல்லை.

"வருதுமே."

"பேசாத. தாட ஆடுது."

அப்போதுதான் செங்கேணி எட்டிப் பார்த்தாள். கோபாலின் முகம் பாதி நுரை, பாதி மை.

"இன்னா வேஷம் கட்டற தம்பி?"

"கம்பெனி வேஷம்க்கா."

செங்கேணி மாடத்தைப் பார்த்தாள். "இம்மா நேரமாச்சி, விளக்கு வெக்கல? இந்த நேரத்துல கத்தி வெக்கறீங்களே."

"விளக்கு வெச்ச பிறகுதானேக்கா கூடாது? நான்தான் இன்னும் வெக்கலயே."

"பல்பு எரியுதே?"

"அது கரண்ட்டு. அத்தப் போட்டது கவர்மெண்டு. விளக்கு நான் வெக்கணும்."

செங்கேணிக்கு அதில் பிழை எதுவும் தட்டுப்படவில்லை. உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் காதாண்ட ஒண்ணு நிக்குது பாரு," என்றாள்.

கோபால் ரேசரைக் குரல்வளைச் சுழிக்குக் கொண்டுவந்தான். கீழ்நோக்கி இழுத்தான், பாதி முடி அப்படியே நின்றது. எதிர்த்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் வழவழவென்று ஆகிவிடும். ரேசரைத் திருப்பினான்.

"வேணாம்," என்றாள் அம்முலு. "திரும்ப நுரை வெய்யி. வலப்பக்கமா குறுக்க வா. பொறுமையா வா. பஸ்சு காலையிலதான் வருது."

குறுக்கே வந்தான். சுழி படிந்து கொடுத்தது. லேசாகச் சொரசொரப்பு மட்டும் மிஞ்சியது; அதன் மேல் அவன் மறுபடி ரேசர் வைக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தான். அம்முலு தரையைக் கூட்டி, முடியை வெளியே கொண்டுபோய்க் கொட்டி, கைகால் கழுவிவிட்டு வந்து அகலை ஏற்றினாள். மூவரும் கும்பிட்டார்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது கோபால் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான், முகத்தைத் தொடக் கூடாது என்று. வாலாஜாபாத் தாண்டும்போது பிஸ்கட் வேகிற வாசனை ஜன்னல் வழியே வந்தது. இறங்கி வரிசையில் நின்றான்.

டார்ச் வெளிச்சம் வலக் கன்னத்தில் நின்றது. இடக் கன்னத்துக்கு வந்தது. "நிமிரு." நிமிர்ந்தான். வெளிச்சம் குரல்வளைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"இங்க சிவப்பா ஒண்ணு கீதே. இன்னாது?"

"கொசு சார்."

"கொசுவா?"

"ஏரிக்கர சார் எங்களுது. ராத்திரி பூரா கடிச்சிது. இங்க பாருங்க, கையிலயும் கீது." இரண்டு முழங்கையையும் நீட்டினான்.

கேசவன் கைகளைப் பார்த்தார். கழுத்தருகே குனிந்து பார்த்தார். பின்னால் வரிசையில் யாரோ, "கொசுவுக்கும் சேவிங் பண்ணணுமா சார்?" என்று கேட்க, சிரிப்பு எழுந்தது. கேசவன் சிரிக்கவில்லை. டார்ச்சை அணைத்தார்.

"போ."

கோபால் அசையவில்லை.

"போப்பா, உள்ள போ."

"எந்தப் பக்கம் சார் போவணும்? இதுக்கு மேல நான் வந்ததில்ல."

இப்போது கேசவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோளைப் பிடித்து வலப்பக்கம் திருப்பிவிட்டார். அங்கே ஒரு அம்மாள் தலைக்கு வலைத்தொப்பி மாட்டினாள். கைக்கு உறை கொடுத்தாள். பிறகு மூக்கிலிருந்து மோவாய் வரைக்கும் மூடுகிற வெள்ளை முகமூடியைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள்.

சாப்பாட்டு நேரத்தில், வெளியே மரத்தடியில் நின்று அம்முலுவுக்குப் போன் போட்டான்.

"உள்ள உட்டுட்டாங்கமே."

மறுமுனையில் அவள் போனைத் தள்ளி வைத்துக்கொண்டு, "உட்டுட்டாங்களாம்," என்று தன்னோடு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. பிறகு, "மூஞ்சி எப்டி கீது? எரியுதா?"

"எரியல. ஆனா மூஞ்சிய யாரும் பாக்கல. உள்ள போனதும் துணியப் போட்டு மூடிட்டாங்க. கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியுது."

"மூடறதுக்கா இம்மாம் பாடு?"

"அத்த நெனச்சி நெனச்சி காலையிலேர்ந்து சிரிச்சிக்கினே அடுக்கறேன். மூடிக்கீதா, யாருக்கும் தெரியல."

"அடுக்கறதா? இன்னாத்த?"

"பிஸ்கட்டு. சூடா வருதுமே. கையில வெச்சா சூடா கீது."

உள்ளே மணி அடித்தது. போனை அணைத்துவிட்டு, முகமூடியைத் தூக்கி மாட்டிக்கொண்டு, இந்தமுறை யாரையும் கேட்காமல் வலப்பக்கம் திரும்பி நடந்தான்.